ஆளுக்கு இரண்டு

பதினேழு பேர் என்று சொல்லிவைத்திருந்தோம்.
வந்தது பத்தொன்பது.
"மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்" என்று
ஐந்து மேசைகளை இழுத்து ஒட்டினார் கஸ்பாரே.
நடுமேசைக்கு ஒரு கால் குட்டை.
மர்லீஸ் தன் பஸ் அட்டவணையை மடித்து
அடியில் செருகினாள்.
எப்படி வீட்டுக்குப் போவாள் என்று
யாரும் கேட்கவில்லை.

ஜூன். பள்ளி மூடிய நாள்.
பிராவிடன்ஸில் மூன்று பள்ளிக்கூடங்களின் சமையற்கட்டு
இன்றிரவு இந்த ஒரு பந்தியில்.
யார் தலையிலும் வலை இல்லை.
சோபியாப்புக்கு இவ்வளவு முடியா!
ஒன்பது வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன்,
இன்றுதான் பார்க்கிறேன்.

சுவருக்குச் சுவர் சத்தம்.
பின்மேசையில் யாருக்கோ பிறந்தநாள்,
வாணலியைக் கரண்டியால் தட்டுகிறார்கள்.
உப்பு கேட்டால் எண்ணெய் வருகிறது.
எண்ணெய் கேட்டால்
கைபேசியில் யாருடைய நாயோ வருகிறது.

பிறகு ஸீட்டி வந்தது,
பாலாடைக்கட்டி கொப்புளித்துக்கொண்டு,
நீளமான எஃகுத் தட்டில்.
மேசை முழுக்க ஒரு கணம் வாயடைத்துப்போனது.
அதே தட்டு.
அதே ஆழம், அதே மடித்த விளிம்பு.
தினமும் முழங்கை வரை நனைந்து
நாங்கள் கழுவுகிற தட்டு.
"சனியன், இங்கேயுமா?" என்றாள் டெல்ஃபினா.
சிரித்ததில் ஒரு கிளாஸ் கவிழ்ந்தது.

லூர்டெஸ் எழுந்துவிட்டாள்.
நினைத்து எழவில்லை.
கரண்டி கைக்கு வந்ததும்
கால் தானாக நின்றுவிட்டது.
ஒரு கரண்டி, ஒரு தட்டு, அடுத்து.
ஒரு கரண்டி, ஒரு தட்டு, அடுத்து.
"இங்கே வேலை பார்ப்பது நான்தான், தாயே"
என்று கெஞ்சிப் பார்த்தார் கஸ்பாரே.
இறைச்சி உருண்டை ஆளுக்கு இரண்டு
என்பது அவள் தீர்ப்பு.
இருந்தது முப்பத்தொன்பது.
மிஞ்சிய ஒன்றுக்காக
ஒரு தொழிற்சங்கக் கூட்டமே நடந்தது.

அப்போது பிறந்தநாள் மேசையிலிருந்து
ஒரு பையன் வந்து நின்றான்,
இரண்டு கையாலும் தட்டை ஏந்தி,
முன்னால் இல்லாத ஒருவனுக்கு
ஒரு முழம் இடம் விட்டு.
"நீங்கள் சாப்பிடவும் செய்வீர்களா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள்.
நான் வரிசையின் கடைசியில் உட்காருகிறவள், கல்லாவில்.
முகத்தைப் பார்த்தால் எனக்கு எண்தான் வரும்.
மூன்று மூன்று ஒன்று எட்டு.
பாக்கி நாற்பத்தொரு டாலர்.
மார்ச்சில் ஒரு கடிதம். மே மாதம் ஒன்று.
இரண்டின் அடியிலும் என் கையெழுத்து.

பின்னாலேயே அப்பா வந்தார்.
புதுச் சட்டை,
விலைச்சீட்டு தொங்கிய பிளாஸ்டிக் நூல்
இன்னும் கைப்பட்டியில்.
"எமெரி, அவர்களைச் சாப்பிட விடு" என்றார்.
பிறகு என்னிடம்,
சத்தத்துக்கு மேல் குனிந்து,
"அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?"
அவருக்கு என் கையெழுத்தைத் தெரியும்,
என்னைத் தெரியாது.
"மிச்சம் வைப்பதே இல்லை" என்றேன்.
தலையாட்டினார்,
ஏதோ ஒன்று சரியாகப் போய்க்கொண்டிருப்பதுபோல.

எமெரி. இத்தனை நாள் எண்ணாக இருந்தவன்.

மிஞ்சிய உருண்டை அவன் தட்டில் விழுந்தது.
"அடுத்து" என்றாள் லூர்டெஸ், பழக்கத்தில்.

கணக்குச் சீட்டு வந்ததும்
எல்லாக் கண்ணும் என் பக்கம்.
மேசைமேல் விரித்திருந்த தாளிலேயே
குழந்தைகளுக்கு வைத்த பச்சை கிரேயானால் வகுத்தேன்.
ஓரத்தில் ஏற்கெனவே நாற்பத்தொன்று இருந்தது.
எப்போது எழுதினேனோ.
அதையும் சேர்த்துக் கூட்டினேன்.
"ஆளுக்கு இரண்டு டாலர் இடிக்கிறதே?" என்றாள் டெல்ஃபினா.
அவளுக்குக் கணக்கு வரும்.
"இடிக்கும்" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்,
மூன்றாக வைத்தாள்.

கஸ்பாரே திரும்புவதற்குள்
தட்டுகளை அளவு வாரியாக அடுக்கிவிட்டோம்.
திட்டினார்.
மர்லீஸ் குனிந்து அட்டவணையை உருவினாள்.
மேசை பழையபடி ஆடியது.
பதினோரு மணி பஸ் இருக்கவேண்டிய இடத்தில்
தக்காளிச் சாறு.