சாக்கு எடை

ஐம்பது கிலோ என்று எழுதி வரும் மூட்டையில்
சாக்கும் அந்த ஐம்பதுக்குள்தான்.
கிடங்கில் யாரும் அதைக் கழிப்பதில்லை.
அந்த அறுநூறு கிராம் யார் தலையில் விழும் என்பதை
சின்னப்பாலம் ரேஷன் கடையில்
எடை போடும் நான்தான்
மாதம் முழுக்க முடிவு செய்கிறேன்.

தடைக்காலம்.
விசைப்படகுகள் குந்துகாலில் கயிற்றோடு கிடக்கின்றன.
இறால் விலை அதற்கு முன்பே சரிந்துவிட்டது,
எங்கோ ஒரு தேசம் வரி போட்டதாம்.
பாசியும் எடுப்பதில்லை என்று
பெண்களே கூடிப் பேசி நிறுத்தியிருக்கிறார்கள்.
நிவாரணம் வரவில்லை.
தேர்தல் வந்துவிட்டது.

ராக்கு கருவியில் விரலை வைக்கிறாள்.
கடலுக்குள் பார் அறுத்த விரல்,
உப்பை விட்டுப் பத்து நாளாகியும்
ரேகை வீடு திரும்பவில்லை.
பதிவாகவில்லை.
நடுவிரல். பதிவாகவில்லை.
முந்தானையில் துடைத்து, ஊதி, மறுபடியும்.
பின்னால் யாரோ சிரிக்க,
‘போன தடவ இந்த விரல்லதான மை வச்சானுக,
அவனுகளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?’ என்கிறாள்.

எனக்குக் கால் ஜில்லிட்டது.
இருபத்திரண்டு வயதில் நின்ற வரிசை அது.

வார்னா. பல்கேரியாவின் துறைமுகம்.
தொண்ணூற்றேழு, தை கடைசி.
முதலாளி திவால். கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.
எட்டு மாதச் சம்பளம் பாக்கி.
இன்ஜினுக்கு எண்ணெய் போட வந்தவனுக்கு
குளிர்காய எண்ணெயில்லை.

கிரேன் ஓட்டுகிற ஸ்டோயன்
கூலி வாங்கிய கையோடு ஓடுவான்.
காலையில் நாலு ரொட்டிக்குச் சமமான தாள்
விளக்கு வைப்பதற்குள் இரண்டாகிவிடும்.
பழைய ஆட்சி போய் ஏழு வருஷம்.
‘அப்ப ரொட்டி இருந்தது, வாய் இல்ல.
இப்ப வாய் இருக்கு’ என்று
திறந்து காட்டுவான்.
முன்பல் இரண்டைக் காணோம்.

தலைநகரில் நாடாளுமன்றத்தின் கண்ணாடியை
உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று ரேடியோ சொன்னது.
அதே வாரம் துறைமுகத்துக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகையில் நகராட்சி சூப் ஊற்றியது.
ஸ்டோயன் என்னையும் இழுத்துப்போய் நிறுத்தினான்.
‘இவன் எந்த ஊர்?’ என்றாள் கரண்டி வைத்திருந்தவள்.
‘கப்பல்’ என்றான்.
அதுவும் ஓர் ஊர்போல எழுதிக்கொண்டு
சீட்டைக் கிழித்துத் தந்தாள்.
முட்டைக்கோஸ், பீன்ஸ், ஏதோ ஒரு கொழுப்பு.
என்ன கொழுப்பு என்று சைகையிலாவது கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
தேவிபட்டினத்தில் இதை யாரிடமும் சொன்னதுமில்லை.

சித்திரையில் அவர்களுக்குத் தேர்தல்.
ஓட்டை விழுந்த கோட்டைப் போட்டுக்கொண்டு
ஓட்டுப் போடப் போனான் ஸ்டோயன்.
யாருக்கு என்றேன்.
‘சூப்புக்கு’ என்றான்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
‘கண்ணாடிக்கும்’ என்றான்.

ஜெயித்தவர்கள் கொட்டகையை வைத்திருந்தார்களா
பூட்டிவிட்டார்களா, தெரியாது.
அதற்குள் எங்களை விமானம் ஏற்றிவிட்டார்கள்.
சம்பள பாக்கி இன்னும் பாக்கி.

கண் பார்க்கும் கருவி பழுதுக்குப் போயிருக்கிறது.
மேலே கேட்டால் ‘சர்வர்’ என்பார்கள்.
மூட்டையில் குறைந்தால் ஒரு சாக்கு,
கணக்கில் குறைந்தால் இன்னொரு சாக்கு.
பதிவேட்டை எடுத்து ராக்குவின் பேரை எழுதி
கையெழுத்து வாங்கினேன்.
இதற்கு மெமோ வரலாம். போன வருஷம் வந்தது.

இருபது கிலோ.
கூடையில் கொட்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
கழுத்தை நீட்டி
தராசில் ஓடும் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது நிற்கும்வரை.

நின்றது.
‘இன்னொரு பிடி’ என்றாள்.
போட்டேன்.

அடுத்தது லூர்துராசு.
அவனும் எண்ணைத்தான் பார்க்கிறான்.
அறுநூறு கிராம் இன்னும்
என் கையில் இருக்கிறது.