ஊத்துக்குளி வெண்ணெய், இருபத்தேழு வளைவு

பதினெட்டு வருசம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி
நான் ஓட்டிய வேனை
கரூர்ப் பட்டறையில் விட்டுப் பாடி மாற்றினோம்.
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ்.
கரண்டு கேட்காத ஃபிரிட்ஜ். கேஸில் ஓடும்.
அதன் முதுகில் சுண்டுவிரல் நகமளவு நீலச்சுடர்;
அது எரிய எரிய உள்ளே பால் குளிரும்.
நெருப்பு குளிர்விக்கும் அந்த அதிசயத்தை
குழந்தைவேலு குந்தி உட்கார்ந்து பார்ப்பார்,
புதுத்தறி ஓடுவதைப் பார்க்கிற மாதிரி.
எனக்கு அது சுடர். அவ்வளவுதான்.

மைசூரில் மகள் வீடு.
நாலு கிலோ ஊத்துக்குளி வெண்ணெயை
வாழையிலையில் சுற்றி உள்ளே வைத்தாயிற்று.
கோபி தாண்டுமுன்னே சண்டை.
"ஓடறப்ப அணைச்சுப்போட்டா வெண்ணெய் என்னத்துக்காவும்?"
"கதவத் தொறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."
"தொறக்காம எப்படித் தெரியும், தாங்குதுன்னு?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
"சிலிண்டர் வால்வ மூடுங்க" என்றேன்.
மூடினார்.
மூடியதை நானும் ஒருமுறை திருகிப் பார்த்தேன்.

சத்தியமங்கலம் பங்க்கில் டீசல் பிடித்தபோது
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததற்கும் அவரே, "செரி, செரி."

பண்ணாரியில் கற்பூரம்.
"ஆத்தாளுக்கு மட்டும் நெருப்புக் காட்டலாமாக்கும்?"
"வண்டி எத்தனை தூரத்துல நிக்குது, பாருங்க."
புற்றுமண்ணை நெற்றியில் கொஞ்சம்,
மீதியை ரெகுலேட்டர் கழுத்தில் பூசினார்.
தடுக்கவில்லை. அவள் காவல் அவளுடையது.
என் சோப்புத்தண்ணி டப்பா என் சீட்டுக்கடியில்.

பிறகு திம்பம்.
ஒன்பதாம் வளைவில் கரும்பு லோடு ஒன்று
குறுக்கே மாட்டிக்கொண்டது.
இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கீழே மூங்கிலில் எதுவோ கிளை ஒடித்தது.
ஒரு மணி நேரம். ஒன்றரை.
காலிக் கூடைகளோடு தாளவாடி போகும் டெம்போக்காரன்
தீப்பெட்டி கேட்டு ஜன்னலுக்கு வந்தான், வாயில் பீடி.
"அந்தால போய்ப் பத்த வைங்க தம்பி."
ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

"வண்டிதான் நிக்குதே மயிலா, கொஞ்ச நேரம் பத்த வைக்கட்டுமா?"
"வரிசை எப்ப நகருமுன்னு ஆரு கண்டா?"
"வெண்ணெய் உருகிப்போகுமல்லோ!"
"உருகட்டும். நெய் காச்சத்தான் மக கேட்டா."
அவர் சிரிக்கவில்லை.

ஆசனூரில், டீக்கடைக்கு அப்பால், சமதரை.
கதவு ஜன்னல் எல்லாம் திறந்தேன்.
காற்றைவிடக் கனம் அது. கசிந்தால் மேலே போகாது,
கட்டிலுக்கடியில் திருடன் போலத் தரையோடு படுத்திருக்கும்.
குனிந்து முகர்ந்தேன்.
ரப்பர் பாய், பழைய பிள்ளைகளின் சாக்பீஸ், அவ்வளவே.

"இப்பப் பத்த வைக்கலாமுல்ல?"
"இருங்க."
வால்வைக் கால் திருகு திறந்து
சோப்புத்தண்ணியில் நனைத்த துணியால்
இணைப்பு இணைப்பாக ஒற்றினேன்.
அடுப்புக் குழாயில் ஒன்றுமில்லை.
ஃபிரிட்ஜ் குழாயில் ஒன்றுமில்லை.
ரெகுலேட்டர் கழுத்தில்
காய்ந்த புற்றுமண் வெடிப்பிலிருந்து
ஒரு குமிழி எழுந்தது.
உடைந்தது.
இன்னொன்று.

மூடினேன்.
கேட்காமலே ஸ்பேனர் எடுத்து வந்தார்.
மண்ணைத் துடைத்தார், இறுக்கினார்.
மறுபடி சோப்பு; நுரை அசையாமல் நின்றது.
எந்த வளைவில் தளர்ந்ததென்று இருவருக்கும் தெரியாது.
ஒன்பதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும்.

வெண்ணெய் ஓரத்தில் மட்டும் விரல் பதிய இளகியிருந்தது.
டீக்கடைப் பன்னில் தடவி ஆளுக்கொன்று தின்றோம்.
"இனி அரை மணி நேரம் நிப்போம், பத்த வைங்க" என்றேன்.
அவர் வாயைத் துடைத்துக்கொண்டு
ஃபிரிட்ஜ் கதவை அழுத்திச் சாத்தினார்.
"மைசூர்ல போய்ப் பாத்துக்கலாம்."