ரொட்டி அலகு

மருத்துவர் ஜுல்ஹுமோர் மேசை இழுப்பறையிலிருந்து
ஒரு சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து என் முன் வைத்தார்.
"வெந்த சோறு இரண்டு கரண்டி, ஒரு ரொட்டி அலகு.
நோன் ரொட்டியில் சின்னத் துண்டு, அதுவும் ஒன்று.
ஒரு வேளைக்கு நான்கு.
அதற்கு மேல் வேண்டாம்."

நான் சிரித்திருக்கக் கூடாது.
முப்பத்தொரு வருடமாக என் கரண்டி
மண்வெட்டி நீளம்.
மர்கிலானில் கல்யாணம் என்றால்
இருட்டோடு அடுப்பு மூட்டுகிறவன் நான்.
எண்பது கிலோ அரிசி, எண்பது கிலோ மஞ்சள் கேரட்,
விடிகாலைத் தொழுகை முடிந்து
நேரே பந்திக்கு வரும் ஐந்நூறு ஆண்கள்.
அரிசிக்கு மேல் தண்ணீர் எத்தனை விரல் என்று
ஆவியைப் பார்த்தே சொல்வேன்.
எல்லாம் குத்துமதிப்பு.
பதம் பார்க்கிறேன் என்று
ஒவ்வொரு அண்டாவிலும் நான் வாயில் போட்டதும்
குத்துமதிப்புதான்.

விரல் நுனி ரத்தத்தை உறிஞ்சிய கருவி
பதின்மூன்று புள்ளி எட்டு என்றது.
வெறும் வயிற்றில்.

எங்கள் வீட்டில் ரொட்டியைக் கத்தி தொட்டதில்லை.
பிய்ப்போம். கவிழ்த்தும் வைக்க மாட்டோம்.
அன்று ஓய்சுலுவ் கத்தியை எடுத்தாள்,
இரண்டு முறை பிஸ்மில்லா சொன்னாள்,
எட்டுத் துண்டு போட்டு
சீரகம் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாய் வைத்தாள்.
ஒரு துண்டு நான்கு கிராம் கூட.
ஓரத்தைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
பேச்சில்லை.

மதியம் தேநீர்க் கோப்பையில் சோறு வந்தது.
அதுவும் பாதிக்குக் கீழே.
"பூனைக்கா?" என்றேன்.
"கோப்பை நிறையத் தேநீர் ஊற்றினால்
விருந்தாளிக்கு என்ன அர்த்தம்?"
கிளம்பு என்று அர்த்தம்.
மதிக்கிறவனுக்கு அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம்.
எனக்குத் தெரியாதா?
தெரிந்தும் அன்று கோபமாகத்தான் தின்றேன்.

நோட்டு போட்டேன்.
செவ்வாய்: நான்கு.
புதன்: நான்கு, ஒரு உருளைக்கிழங்கு.
வியாழன்: முலாம்பழ வண்டி வந்தது.
வெள்ளி: எழுதவில்லை.

பிறகு ஒரு கல்யாணம்.
பந்தியெல்லாம் எழுந்து போன பின்
சமைத்தவர்கள் உட்காரும் நேரம்.
ஒரு தட்டில் இருவர், அதுதான் வழக்கம்.
என் எதிரே கசாப்புக்கடை சோபித்கான்.
நடுவே சோற்று மேடு, மேலே முழுப் பூண்டு,
கொழுப்பு மினுங்கும் இறைச்சி.
வரப்பில்லாத தட்டில்
என் நான்கு அலகு எங்கே முடிகிறது?

தக்காளி வெங்காயத்தை முதலில் காலி செய்தேன்.
பிறகு சோற்றை விரலால்
அவன் பக்கம் மெல்லத் தள்ளினேன்.
இங்கே அது பிரியம்.
யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.
அவனும் என் பக்கம் தள்ளினான்.
"நீங்கள் எடுங்கள்."
"இல்லை, நீங்கள்."
மேடு இந்தப் பக்கம் சரிந்தது, அந்தப் பக்கம் சரிந்தது,
குறையவே இல்லை.
எடுபிடிப் பையன் முகம் வாடி வந்து நின்றான்:
"உஸ்தா, உப்பு கூடிவிட்டதா?"

அப்போதுதான் பார்த்தேன்.
சோபித்கானின் மோதிர விரல் ஓரத்தில்
எள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள்.
என் விரலைத் திருப்பிக் காட்டினேன்.
"காலையில் எத்தனை?"
"ஒன்பது. உங்களுக்கு?"
"பத்தரை."
"எத்தனை வருடமாக?"
"ஆறு. அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள்,
அவள் வழியாக என் கடைக்கு வந்துவிடும்.
கசாப்புக்காரனுக்கு நோய் என்றால்
ஆட்டுக்கு நோய் என்பார்கள்."

மிச்சத்தைப் பையனிடம் கொடுத்தோம்.
பதினாறு வயது. வழித்துத் தின்றான்.
கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு
இருவரும் வாய்க்கால் ஓரமாக
முசுக்கட்டை மரங்களின் கீழே நடந்தோம்.
ஆட்டு விலை பேசினோம்,
அவன் மருமகனைப் பற்றிப் பேசினோம்,
பாலம் வந்ததும் திரும்பினோம்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
சனி: சோறு —
கையால் தின்றதற்குக் கரண்டிக் கணக்கு ஏது?
மூன்று பிடி என்று எழுதினேன்.
ஓய்சுலுவ் விளக்கை அணைக்கப் போனாள்.
இரு என்றேன்.
அடித்துவிட்டு,
மூன்றரை.