அப்ஸ்காண்ட் ஆனவர் வீட்டில் இருக்கிறார்

பதிவுத் தபால். ஒப்புகை அட்டையோடு.
புதுவயல் மில்லில் நெல் அவிக்கும் நேரம்,
தெரு முழுக்க ஈர உமி வாசம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டே தபால்காரர் கேட்டார்:
'சேவுகப்பெருமாள் இருக்காரா?'
'இருக்கார். தூங்குறார்.'

ஒரகடம் கம்பெனித் தாள். மூன்று பத்தி.
பேர் புரிந்தது, தேதி புரிந்தது.
நடுவில் ஒரே ஒரு வினைச்சொல்
சோற்றில் கிடந்த கல்லாய்ப் பல்லில் பட்டது.
எழுத்துக் கூட்டினேன். அப்... ஸ்காண்ட்.

பத்தாவதில் இங்கிலீஷில் அறுபத்தெட்டு வாங்கியவள் நான்.
ஓடு, போ, வா எல்லாவற்றையும்
முக்காலத்திலும் ஒப்பிப்பேன்.
இது எங்கள் பட்டியலில் இல்லை.

மில்லில் சாக்கு எண்ணிக்கொண்டே
பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.
சூப்பர்வைசர் கருத்தான் சிரித்தார்:
'அட்வான்ஸ் வாங்கிட்டு லாரி டிரைவர் ஒருத்தன்
அப்ஸ்காண்ட் ஆனானே, அதான்.'
டீக்காசு கொடுக்கும் நேரம் பார்த்து
ஒன்றுக்குப் போகிறவனும் அப்ஸ்காண்ட் பார்ட்டி.
ஆபீஸ் பூனை மூன்று நாளாய்க் காணோம்,
அதுவும் அப்ஸ்காண்ட்.
ஊர் முழுக்கப் புழங்குகிற சொல்
என் வீட்டுக்குத்தான்
பதிவுத் தபாலில் வரவேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் காரைக்குடி. கல்லுக்கட்டிப் பக்கம்
மாடியில் வக்கீல் குமாஸ்தா பூமிநாதன்.
'கோர்ட்டு வார்த்தைம்மா அது. தலைமறைவு.
வாரண்ட் போட்டும் ஆள் சிக்கலைன்னா எழுதுறது.
வீட்டில பேசுற பேச்சு இல்லை.'
'பூனைக்குச் சொல்லலாமா?'
'கேலிக்குச் சொல்லலாம்.'
'புருஷனுக்கு?'
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
நான் படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம், தலைமறைவு, தலைமறைவு.
தலை மட்டும் மறைந்தால் போதுமா இதற்கு?
போர்வையை இழுத்துத் தலைவரை மூடி
இரண்டு பாதமும் வெளியே நீட்டி
பதின்மூன்று நாளாய் ஒருவர் படுத்திருக்கிறாரே,
அவர் எந்தச் சட்டத்தில் வருவார்?

விடிகாலை நாலு மணிக்கு வந்து இறங்கினார்.
ஒரு பை. இரண்டு பேண்ட்.
கம்பெனி அட்டை இன்னும் கழுத்தில்.
'லீவா?' என்றேன்.
'ம்' என்றார்.
அந்த 'ம்' இன்னும் முடியவில்லை.
சாப்பிடுகிறார், குளிக்கிறார்,
மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிறார்.
போன் மட்டும் அணைந்தே கிடக்கிறது
அரிசி டிரம் மேல்.

நாச்சியாவிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.
ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூட அகராதியில் பார்த்து வந்தாள்.
'ஒளிஞ்சு ஓடுறதும்மா. ஆனா இந்த வினை
எங்கேருந்துன்னுதான் கேட்குமாம்.
எங்கே போனார்னு அதுக்குத் தெரிய வேண்டாமாம்.'
வாக்கியம் அமைத்தும் காட்டினாள்:
அப்பா கம்பெனியிலிருந்து, புள்ளி.
மீதித் தாள் வெள்ளையாய் இருந்தது.

அந்த வெள்ளையில் நான் நின்றேன் கொஞ்ச நேரம்.
அவர்கள் வாசலில் நின்று பார்த்தால் ஓடியவர்.
என் வாசலில் நின்று பார்த்தால் வந்தவர்.
ஆனால் வந்தவர் என்று சொல்லவும்
எனக்கு வாய் வரவில்லை,
வந்தவர் வந்த கதையைச் சொல்லும்வரை.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து,
ஈரக்கையோடு தாளைப் பிரித்தேன்.
'என்ன தபால்?' என்றது போர்வை.
'நீங்க காணாமப் போயிட்டீங்களாம்.
ஏழு நாளைக்குள்ள விளக்கம் சொல்லணுமாம்.'
போர்வை குலுங்கியது.
சிரிப்பா, மற்றதா, பிடிபடவில்லை.
மில்லில் இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதி ஓய்ந்தது.

'சொல்லிட்டு வந்திருக்கணும் அவங்ககிட்ட.'
'என்கிட்டயும்தான்' என்றேன்.

அதற்குப் பிறகுதான் தலை வெளியே வந்தது,
மீசை ஒரு பக்கம் நசுங்கி,
கண்ணைக் கூசிக்கொண்டு.
'லைட்டை அணை,' என்றார்,
'சொல்றேன்.'