இரவு முறைக் குறிப்பு

அதிகாலை மூன்று நாற்பது.
இரும்பு வலைப்பையைத் தளத்தில் கொட்டியதும்
கற்கள் வெடிக்கத் தொடங்கின.

பட்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
பட் பட்.
சமையற்கட்டிலிருந்து பெல்மீரு
வாணலி மூடியோடு ஓடிவந்தான்,
தன் அடுப்பில்தான் ஏதோ என்று.

"தொடாதீர்கள்" என்றாள் எனோரா.
பிரெஸ்ட் நகரத்துப் பெண். மூன்று நாளாய்
வயிற்றில் எதுவும் தங்கவில்லை,
இப்போது கண்ணில் விளக்கு.
நாலாயிரம் மீட்டர் கடல்
வாயைப் பொத்தி வைத்திருந்த மூச்சாம்.
பொத்திய கை விலகியதும் வெளியே வருகிறதாம்.

நான் அதற்குள் தொட்டுவிட்டேன்.
கறுப்புக் கண்ணாடி விளிம்பு
கையுறையை அறுத்து விரலையும் அறுத்தது.
இளசுதான் கடிக்கும்.

"என்ன வயது இதற்கு?"
"ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.
இந்தக் கப்பலை விடச் சின்னதாகக்கூட இருக்கலாம்."

கப்பலுக்கு நாற்பத்தொன்று.
எனக்கு ஐம்பத்தெட்டு.
ஹோர்ட்டாவில் பிறந்தவள் நான்.
எங்கள் தீவின் மேற்கு முனையில் எரிமலை கொட்டிய சாம்பல்கூட
எனக்கு மூத்தது.
என்னிலும் இளைய கல்லைப் பிடித்தது
இதுவே முதல் முறை.

கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்:
நாம் தூக்காமல் விட்டிருந்தால் இது என்னாகும்?

விலகும், என்றாள்.
பின்னால் அடுத்தது பிறக்க, இடம் விட்டு,
கிழக்கே பாதி மேற்கே பாதி,
வருடத்துக்கு நகம் வளரும் அளவு.
வின்ச் ஓட்டுகிறவளிடம் போய் நகத்தைச் சொல்கிறாள்.
என் நகம் எந்த வருடம் வளர்ந்தது?

பிறந்த சூட்டில் வடக்கு எந்தப் பக்கமோ
அதை உள்ளே பூட்டிக்கொள்ளுமாம்.
பின்னால் பூமியே புத்தி மாறி
வடக்கைத் தெற்காக்கினாலும்
தன் பழைய வடக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.
எங்கள் கப்டனும் இப்படித்தான்.

பிறகு ஆறும்.
ஆற ஆறச் சுருங்கும், கனக்கும்,
கனக்கக் கனக்கத் தாழும்.
விரிசல் வழியே கடலைக் குடித்துக் குடித்து
கண்ணாடி மங்கித் துரு ஏறும்.
போன வாரம் சகாராவிலிருந்து வந்த செந்தூசி
பெல்மீரு உலர்த்திய விரிப்புகளைப் பாழாக்கியதே,
அதே தூசி அதன் மேலும் விழும்,
செத்த நுண்ணுயிர்களின் ஓடுகளோடு,
ஆயிரம் ஆண்டில் ஒரு விரற்கடை.
யாரும் உதறுவதில்லை.

இந்தக் கடலின் ஆகப் பழைய தரைக்கே
பதினெட்டுக் கோடி ஆண்டுதானாம்.
முன்னூறு கோடி வயதுப் பாறைகள்
கரையில் ஆடு மேயக் கிடக்கின்றன.
கடலைக் கிழவன் என்போம் நாங்கள்.
அவன் படுத்திருக்கும் பாயோ
நேற்று முடைந்தது.

பாயின் மேற்கு ஓரம் கரீபியத் தீவுகளுக்கு அடியில்
மடிந்து உள்ளே இறங்குகிறது,
குடித்த கடலையும் கூட எடுத்துக்கொண்டு.
அந்த நீர்தான் ஆழத்துப் பாறையை உருக்குகிறது என்றாள்.
மார்த்தினிக்கில் யாரோ ஒருத்தி
சன்னலைத் திறந்துவிட்டு
கந்தக வாடைக்கு முகம் சுளிப்பாள்.

பட்.
அதுவே கடைசி.
எனோரா பையில் எண் எழுதினாள்.
என் விரலில் ரத்தம் நின்றிருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
கம்பி, நாலாயிரத்து அறுபது மீட்டர்.
ஏறியது, நூற்றுப்பத்துக் கிலோ.
குறிப்பு என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்திருந்து
'சத்தமாக இருந்தன' என்றேன்.

காலையில் முதல் அதிகாரி
அதைச் சிவப்பில் வட்டமிட்டு
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.