பதினாறு

முழந்தாளிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பனாமா நகரம், காலை ஆறரை,
நாற்பத்து மூன்று மாடிகளுக்கு மேலே.
தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபம் என்று தோன்றும்.

இடப்பக்கச் சட்டத்தின் வாலில்
பதினெட்டு இரும்புக் கட்டிகள்,
ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ.
வலப்பக்கத்தில் பதினாறு.
கண் தூக்கக் கலக்கத்தில் பொய் சொல்லும்;
கையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
பதினாறு.

கைப்பிடிச் சுவருக்கு வெளியே
காலித் தொட்டில் லேசாக ஆடுகிறது.
டீடிமோ தலைக்கவசத்தின் வாரை இறுக்கிவிட்டான்.
அவன் உயிர்க்கயிறு வேறு தூணில், வேறு வளையத்தில்.
தொட்டிலை நம்பாத கயிறு அது.
அதனால்தான் அதை நான் நம்புகிறேன்.
"ஏறட்டுமா, யாரிசெல்?"
"ஏறாதே."

விரிகுடாவில் ஓதம் வடிந்து சேறு மினுங்குகிறது.
கால்வாய்க்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கப்பல்களுக்கு
அவசரமில்லை.
மேலாளர் எவெலியோவுக்கு இருந்தது.
பத்து மணிக்கு முதலாளி வருகிறார்,
கண்ணாடியெல்லாம் உப்பு.

"நான்கு மடங்கு தாங்கும் என்று
நீதானே படிவத்தில் எழுதினாய்.
இரண்டு குறைந்தால் என்ன?
மூன்றரை மடங்கு இருக்கிறதே."

அவர் கணக்கு சரி.
சரியான கணக்கோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

சொன்னேன்:
நான்கில் ஒன்று எங்களுக்கு.
ஒன்று, கடலிலிருந்து சொல்லாமல் ஏறிவரும் காற்றுக்கு.
ஒன்று, ஜன்னல் விளிம்பில் தொட்டில் மாட்டிக்கொள்ள
மோட்டார் விடாமல் இழுக்கும் அந்த நொடிக்கு.
நான்காவது யாருக்கென்று எனக்குத் தெரியாது.
தெரியாததற்கு வைத்தது அது.
அதில் கை வைக்க
உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

(எண்ணாமல் இறங்கிய காலை ஒன்று எனக்கும் உண்டு,
மூன்று வருடம் முன்பு, வேறொரு கட்டடத்தில்.
ஒன்றும் ஆகவில்லை.
இன்னும் அதை நினைத்தால்தான் உள்ளங்கை வேர்க்கிறது.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.)

தேடிப் போனேன்.
நாற்பத்தோராம் மாடி, நீச்சல்குள முற்றம்.
முந்தின இரவு யாரோ ஒரு பெண்ணுக்குப்
பதினைந்தாம் பிறந்தநாள்.
தரையெல்லாம் ஜிகினா, சுருங்கிய பலூன்கள்.
பெரிய வெயில்குடையின் காலடியில்
என் கட்டிகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன:
அசிங்கமாகத் தெரிந்திருக்கும் போல,
மேலே வெள்ளைத் துணி போர்த்தி
ரோஜா நிற ரிப்பன் கட்டி,
ஒன்றின் மூலையில் கேக் கிரீம்.

காவலாளி விளக்கினார்:
"ராத்திரி காற்று. குடை பறந்து
யார் தலையிலாவது விழுந்தால்?
பாதுகாப்புக்காகத்தான் எடுத்து வந்தேன்."

கோபப்படத் தயாராக வந்திருந்தேன்.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.
"குடையை மடக்கி வையுங்கள்" என்றேன்.
தலையாட்டினார்.

சரக்கு லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது.
கடைசி இருபத்தெட்டுப் படிகள்,
இரண்டு நடை,
நெஞ்சோடு அணைத்த இரும்பு.
பதினேழு. பதினெட்டு.
சங்கிலி கோத்துப் பூட்டினேன்.
சாவியை இந்த முறை கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
கம்பிவடத்தைத் துணியால் உருவிப் பார்த்தேன்;
பிசிறு எதுவும் துணியில் மாட்டவில்லை.
எட்டேகாலுக்கு இறங்கினோம்.

உப்பு வழிந்த கண்ணாடிக்குப் பின்னால்
பல் துலக்கியபடி ஒருவர்,
எங்களைக் கண்டு திடுக்கிட்டுத் திரையை இழுத்தார்.
பதினோரு மணிக்கு மழை.
முப்பதாம் மாடியோடு நிறுத்தி
ஈரத்தோடு மேலே ஏறினோம்.

வழியில் டீடிமோ முழங்கையால் இடித்துக் காட்டினான்:
முற்றத்தில் யாரும் மடக்காத குடை
காற்றோடு போய்
நீச்சல்குளத்தில் தலைகீழாக மிதந்தது,
மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு.

தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில்
"குடை" என்று மட்டும் எழுதினேன்.
எவெலியோ வந்து கேட்கட்டும்.