நாலரை மணிப் படகு

சகுவானாஸில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள் நான்.
மோவாய் கொஞ்சம் கீழே. காது தெரியட்டும். சிரிப்பு வேண்டாம்.
பத்தொன்பது வருடமாக இந்த மூன்று வாக்கியங்களை வைத்தே
வீடு கட்டிக் கூரையும் போட்டுவிட்டேன்.

இன்று ஞாயிறு.
கல்யாணங்களுக்கென்று வாங்கித் தவணை முடியாத லென்ஸைத்
துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல.

கரோனிச் சதுப்பு. உப்பு, சேறு, ஊறிய இலை.
கயிற்றை அவிழ்க்கும்போதே லிஸ்ட்ரா சொல்லிவிடுகிறாள்:
எழுந்து நிற்காதீர்கள். கை தட்டாதீர்கள்.
தீவுக்குக் கிட்டே போகச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.
போன வாரம் ஒருவர் நூறு டாலர் நீட்டினார்,
மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.
அது அவர்கள் படுக்கையறை.

முன்னணியத்தில் கோல் ஊன்றி நிற்பவள் யூஸ்மாரி.
எனக்கு அவளைத் தெரியும்; அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
பதிவு அட்டைக்கான வரிசை என் கடை வாசல் வரை நீண்ட வாரத்தில்
ஈர முடியோடு வந்து வெள்ளைத் திரைக்கு முன் உட்கார்ந்தாள்.
சிரிக்க வேண்டாம் என்று
அவளிடம் மட்டும் சொல்லத் தேவைப்படவில்லை.

இருபுறமும் கண்டல் மரங்கள்
முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிக்கொண்டு
தண்ணீரில் நிற்கின்றன.
கவட்டையில் சுருண்ட பாம்பை எல்லோரும் எடுத்தார்கள்.
நானும். பழைய சைக்கிள் டயர் போல விழுந்திருக்கிறது.

எஞ்சினை அணைத்து வேரில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம்.
கொசு. யாரோ பிஸ்கட் உறை பிரிக்கும் சத்தம்.

முதலில் ஒன்று வந்தது.
பிறகு மூன்று.
பிறகு எண்ணுவது மரியாதையாக இல்லை.

வளைந்த அலகை முன்னால் நீட்டிக்கொண்டு
அரிவாள்மூக்கன்கள்,
தீவின் பச்சை மேல் வந்து வந்து இறங்குகின்றன.
மிளகாய் என்றேன். செங்கல், சிந்தூரம் என்றேன்.
ஒவ்வொன்றையும் அந்த நிறம்
'இல்லை' என்று திருப்பி அனுப்பியது.

சில அக்கரை வெனிசுவேலாவிலிருந்து வருபவை, என்றாள் லிஸ்ட்ரா.
பறவைக்கு ஏது பாஸ்போர்ட், என்றார் பின்பலகையில் ஒருவர்,
தாமே முதன்முதலாகக் கண்டுபிடித்தது போல.
யூஸ்மாரி கோலை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.
நான் லென்ஸுக்குள் ஒளிந்துகொண்டேன்.

சரசரவென்று அழுத்தினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு.

கடைசி வெளிச்சத்தில் எங்களுக்கு நேர் மேலே ஒரு கிளையில்
வழி தவறி இறங்கியது ஓர் இளசு.
சேற்று நிறம். தோளில் மட்டும் இரண்டு சிவப்பு இறகு,
யாரிடமோ கடன் வாங்கிக் குத்திக்கொண்டது போல.
'இன்னும் நண்டு போதவில்லை இதற்கு' என்றாள் லிஸ்ட்ரா.
அது குனிந்து எங்களைப் பார்த்தது.
பார்த்துக்கொண்டே எச்சம் போட்டது,
பாஸ்போர்ட் தத்துவம் பேசியவரின் வெள்ளைத் தொப்பியில்.

இரவு, கடையில், ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்க்கிறேன்.
அறுநூறிலும் சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது.
இறகு இல்லை, இறகின் நிழல் இல்லை;
காகிதத்தில் வெட்டி ஒட்டிய சிவப்பு உருவங்கள்.
குறைத்துப் பார்த்தேன், கறுப்பானது. ஏற்றினால் எரிந்தது.
என் கருவிக்குக் கொள்ளும் சிவப்பு அவ்வளவுதான்.

இளசு மட்டும் முழுதாக இருக்கிறது.
ஒவ்வொரு இறகும் தனித்தனியாக,
கண்ணில் படகு உள்பட.

அதற்கு அடுத்தது, கை ஆடி எடுத்தது.
பறவை கிளம்பிவிட்டது, வெறும் கிளை;
ஓரத்தில், குவியத்துக்கு வெளியே, யூஸ்மாரி.
மோவாய் வானத்தில். ஒரு காது முடிக்குள்.
பல் எல்லாம் தெரிகிறது.
பின்னணி வெள்ளையே இல்லை.

எந்த அலுவலகமும் இதை வாங்காது.
இரண்டு பிரதி போட்டேன்.